எந்தக் குழுவிலும் இல்லாதது

மஞ்சக்குப்பத்தில் இரண்டாம் மாடி, குளிரூட்டிய அறை.
'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதி ஒட்டியவர்
வேதரத்தினம். மஸ்கட் போய்விட்டார்.
விட்டுப்போனது
ஒரு சாவிக்கொத்து,
கூட்டுறவு வங்கிக் கிளைகளின் நாற்பத்தொரு சர்வர்,
அவற்றுக்கெனத் தனித்தனியே தட்டி வைத்த
அறுநூற்றுப் பதினைந்து சோதனைகள்.

மூச்சிருக்கிறதா?
வட்டில் இடமிருக்கிறதா?
பேட்டரி எவ்வளவு தாங்கும்?
நேற்றிரவு நகலெடுத்தாயா?
இப்படிப் பதினைந்து கேள்வி, நாற்பத்தொரு தடவை.
பண்ருட்டியைக் கேட்டதையே நெல்லிக்குப்பத்தை,
அதையே புவனகிரியை,
கை அசந்த இடத்தில் எண்பதில் ஒரு சுழி விட்டுப்போய்.
எட்டு சதவீதம் நிரம்பியதற்கே
தினம் விடிகாலை அலறியது புவனகிரி.
அலுவலகத்தில் அதற்குச் சேவல் என்று பெயர்.

ஐப்பசி முழுக்கப் பிரித்துப் பிரித்து அடுக்கினேன்.
தாலுகாவாரியாகவா, வாங்கிய வருடப்படியா?
"சர்வருக்கு ஊர் ஏது" என்றான் ஷர்புதீன்.
எந்தத் துணைமின் நிலையத்தில் பால் குடிக்கிறது என்பது உண்டே.
கடலோரம் என்றொரு குழு, பதினான்கு பேர்.
கெடிலக்கரை என்றொன்று.
மேட்டுக்காடு: விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர்.
பழைய வட்டு வைத்திருப்பவை வேறு.
ரேஷன் அட்டை மாதிரி இல்லை இது.
ஒரே பெயர் மூன்று குழுவில் இருக்கலாம்,
யாரும் தாசில்தாரிடம் போக மாட்டார்கள்.

பிறகு டெம்ப்ளேட்.
பதினைந்து கேள்வியையும் ஒரே முறை எழுதி
ஊர்ப்பெயர் வரும் இடத்தைக் காலியாய் விட்டேன்.
ஊர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
முதுநகர்த் துறைமுகத்தின் புயல் கூண்டும் அப்படித்தானே:
புயலுக்குப் புயல் புதுக் கூண்டு பின்னுவதில்லை,
எண்தான் ஏறும்.
அறுநூற்றுப் பதினைந்து எழுபதாய்ச் சுருங்கிய அன்று
ஷர்புதீனுக்குப் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தேன்.
சேவலும் அன்றோடு ஓய்ந்தது.

கார்த்திகையில் எண் ஏழு ஏறியது.
மாலை ஆறுக்குக் கடலோர டெம்ப்ளேட்டில்
ஒரேயொரு எண்ணை மாற்றினேன்:
பேட்டரி முப்பதுக்கு இறங்கும்வரை பொறுக்காதே,
அறுபதிலேயே கூப்பிடு.
பதினான்கு ஊரும் ஒரே நொடியில் தலையாட்டின.
கர்வம் இல்லை என்றால் பொய்.
பதினொன்றேகாலுக்கு முதுநகர் ரூட்டர் விழுந்தது.
அதன் பின்னாலிருந்த ஆறும் சேர்ந்து கத்தவில்லை;
தாய் விழுந்தால் பிள்ளைகள் பொறுக்கட்டும் என்று
முன்பே எழுதியிருந்தேன்.
ஒரே ஒரு குறுஞ்செய்தி.
வெளியே ஏதோ தகரம் தெருவோடு உருண்டு போனது.

மூன்றே முக்காலுக்குத்தான் அந்தப் போன்.
"மேடம், கிள்ளைலேருந்து அஞ்சுகம் பேசறேன்.
உள்ள முழங்கால் தண்ணி. பெட்டிய மேஜைமேல தூக்கி வெச்சிட்டேன்.
இன்வெர்ட்டர்ல இன்னும் ஓடுது. நிறுத்திடவா?"

எந்தப் பெட்டி?
திரையில் தேடுகிறேன்.
கடலோரத்தில் இல்லை, பழைய வட்டில் இல்லை,
வேதரத்தினத்தின் பட்டியலிலேயே இல்லை.
நாற்பத்திரண்டாவது.
ஐந்து வருடமாய்க் கணக்கு எழுதியிருக்கிறது,
யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.
சிவப்பில்லை. பச்சைகூட இல்லை.

"நிறுத்துங்க. நிறுத்திட்டு மாடிக்குப் போங்க.
ஏன் இன்னும் கீழ நிக்கறீங்க?"
"நகைப் பெட்டகச் சாவி என்கிட்ட இருக்கு மேடம்.
அதான்."

பேசி முடித்ததும் ஒரு வரி சேர்த்தேன்.
கிள்ளை, கடலோரம்.
அவ்வளவு போதும், மிச்சத்தை டெம்ப்ளேட் பார்த்துக்கொள்ளும்.
பார்த்துக்கொண்டது.
பதினைந்து கேள்வியும் போய்
பதினைந்தும் சிவப்பாய்த் திரும்பின.
தலைமை அலுவலகத்துக்குக் கிள்ளை சொன்ன முதல் பதில்.
சரியான பதில்.

டெம்ப்ளேட்டின் அடியில் 'தொடர்புக்கு' என்றொரு கட்டம் உண்டு.
நாற்பத்தொன்றுக்கும் அதில் வேதரத்தினம்தான்,
மஸ்கட் போகுமுன் வைத்திருந்த நம்பர்.
அந்த ஒரு கட்டத்தைப் பொதுவாய் நிரப்ப முடியாது.
கிள்ளைக்கு அஞ்சுகம் என்று எழுதினேன்.
வேப்பூரில் யார்?
விடியட்டும், ஒவ்வொரு ஊராய்க் கேட்க வேண்டும்.